வீட்டுத் தோட்ட மண்ணில் கன உலோகங்கள்: பிஎச் அளவையும் மட்கையும் எந்த வரிசையில் சரிசெய்வது? சென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் போன்றவை மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கின்றன என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு மண்ணின் ஈரத்தில் கரைந்து, வேர் வழியாகக் கீரைக்குள் ஏறுகிறது என்பது வேறு கணக்கு. உலோகம் மக்கிப் போகாது என்பதால் முதல் கணக்கில் நம்மால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது. மண்ணின் பிஎச் அளவும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்), அதிலுள்ள மக்கிய கரிமப் பொருளான மட்கும்தான் அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

இவற்றை எந்த வரிசையில் தொடுவது என்பதில்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குகிறார்கள். சுண்ணாம்பே தேவைப்படாத மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டுவது, மக்காத சாணத்தைக் குவிப்பது, எந்த உலோகம் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போடுவது என்று மாறி மாறிப் பார்க்கிறேன். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி, பிளாஸ்டிக் வாளி, ஜிப் கவர்கள், கையுறை, முகக்கவசம், கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு, பேனா வடிவ டிஜிட்டல் பிஎச் மீட்டர், அதைச் சரிபார்க்க பஃபர் கரைசல்கள் (பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்கள்), பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன், கொஞ்சம் வினிகர். இவ்வளவுதான்.

தகர வாளியும் பித்தளைச் சல்லடையும் வேண்டாம். தகரத்தின் மேல்பூச்சிலிருந்து துத்தநாகமும், பித்தளையிலிருந்து செம்பும் துத்தநாகமும் சாம்பிளில் கலந்துவிடும். பிறகு லேப் ரிப்போர்ட் உங்கள் மண்ணைச் சொல்கிறதா, வாளியைச் சொல்கிறதா என்று தெரியாது.

மண்ணில் குத்தியதும் முள் ஆடுகிற, பேட்டரி இல்லாத இரட்டைக் கம்பி மீட்டரை வாங்காதீர்கள். எந்த மண்ணில் குத்தினாலும் ஏழுக்குப் பக்கத்திலேயே நிற்கும். உங்கள் மண்ணும் ஏழாகவே இருந்தால் அது சரியாகக் காட்டியது போலத் தெரியும், அதுதான் வம்பு.

2. இடத்தின் பழைய கதையை விசாரியுங்கள்

லேபில் எந்த உலோகத்தைத் தேடச் சொல்வது என்பதை இந்த விசாரணைதான் முடிவு செய்யும். எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் பணம் தண்ணீராகச் செலவாகும்.

பெரிய சாலையோர மனையா, பழைய பெயின்ட் உதிர்ந்த சுவர் பக்கத்தில் இருக்கிறதா? ஈயத்தைச் சந்தேகியுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன் விழுந்த ஈயம் மேல்மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொண்டு அதே சில அங்குலத்தில்தான் இன்னும் கிடக்கும். அம்பத்தூர் போன்ற பகுதிகளில் மின்முலாம் பட்டறைக்கு அருகில் என்றால் நிக்கல், குரோமியம். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கத்தில் முன்பு தோல் பதனிட்ட இடம் என்றால் குரோமியம். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் சாம்பல் வந்து விழுகிற இடத்தில் ஆர்சனிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய எலக்ட்ரானிக் பொருட்களை உடைத்த கொல்லை என்றால் ஈயம், காட்மியம், செம்பு மூன்றும்.

மோசமானது பேட்டரிக் கடை இருந்த இடம். அங்கே ஈயத்தோடு கந்தக அமிலமும் கொட்டியிருக்கும். உலோகமும் அதைக் கரைக்கிற அமிலமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன என்றால் அங்கே தோட்டம் வேண்டாம். நேராக ஏழாவது படியின் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

மனையை உயர்த்த எந்த மண் கொண்டுவந்து கொட்டினார்கள் என்றும் கேளுங்கள். சென்னையில் பல மனைகள் கட்டட இடிபாட்டின் மேல்தான் நிற்கின்றன. அதிலுள்ள சிமென்ட் காரை பிஎச் அளவை எட்டுக்கு மேல் தூக்கி வைத்திருக்கும். இது நான்காம் படியில் தேவைப்படும்.

3. சாம்பிள் எடுப்பது

பாத்தியில் எட்டுப் பத்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்டுங்கள். குழியின் ஓரச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து வாளியில் சேர்த்துக் கலக்குங்கள். பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை நீக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் சுத்தமான பிளாஸ்டிக் தாளில் உலர்த்துங்கள்.

சுவரோரம் உள்ள ஒரு மீட்டர் மண்ணைத் தனிச் சாம்பிளாக வையுங்கள். பெயின்ட் ஈயம் அந்த ஒரு மீட்டருக்குள்தான் குவிந்திருக்கும். நடுப்பாத்தி மண்ணோடு கலந்தால் சராசரி நல்லதாகத் தெரியும். சுவரோரக் கீரை மட்டும் கெட்டுப்போகும். சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவர்கள் விளையாடும் இடத்தின் மேல் 2 செ.மீ. மண்ணையும் தனியாக எடுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் வேர் வழியாக அல்ல, மண்தூசி பட்ட கையும் வாயும் வழியாக.

4. பிஎச் அளவை வீட்டிலேயே பாருங்கள்

20 கிராம் உலர்ந்த மண், 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். கலக்கி, அரை மணி நேரம் அவ்வப்போது கிளறிவிட்டு, மீட்டரை பஃபரில் சரிபார்த்த பிறகு முக்குங்கள். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். அவற்றிலுள்ள பைகார்பனேட் அளவை மேலே தள்ளிவிடும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மட்கும் களிமண்ணும் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் கொண்டவை. ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம், செம்பு எல்லாம் நேர் மின்னேற்றத்தோடு வந்து அங்கே ஒட்டிக்கொள்கின்றன. அமிலம் கூடும்போது ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை வெளியே தள்ளுகின்றன. நெரிசலான பஸ்ஸில் புதிதாக ஏறுகிற கூட்டம் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். பிஎச் ஒரு அலகு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது. 6.5 என்பதும் 5.5 என்பதும் பக்கத்துப் பக்கத்து எண்ணாகத் தெரியலாம், வேருக்கு அப்படி இல்லை.

எல்லா உலோகமும் ஒரே புள்ளியில் அசைவதில்லை. காட்மியம் 6.5-க்குக் கீழேயே நகரத் தொடங்கிவிடும். நிக்கலும் துத்தநாகமும் ஆறை ஒட்டி. ஈயமும் செம்பும் பிடிவாதம். பொதுவாக ஐந்துக்குக் கீழே போனால்தான் பெரிதாகக் கரையும்.

இன்னொரு சின்ன சோதனை: உலர்ந்த மண்ணில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து ஏற்கனவே நிறைய இருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூளும், இடிபாட்டு மனைகளில் காரையும் அப்படி நுரைக்கும். நுரைத்த மண்ணுக்கு இனி ஒரு பிடி சுண்ணாம்பும் வேண்டாம்.

5. லேபில் என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

அரசு தரும் மண்வள அட்டையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அட்டையைக் காட்டி, "தம்பி, இதுல எல்லாம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?" என்று கேட்டார். அந்த அட்டையில் உள்ள 12 அளவுகளில் துத்தநாகமும் செம்பும் உண்டு. அவையும் பயிர்ச் சத்து என்ற கணக்கில்தான். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் எதுவும் அதில் கிடையாது. ஆனால் அட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பிஎச், உப்பின் அளவு, கரிமக் கார்பன் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்லது.

கன உலோகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமுள்ள லேபில் இரண்டு விதமாகக் கேளுங்கள். ஒன்று, அமிலத்தில் செரித்து எடுக்கும் மொத்த அளவு. இன்னொன்று, டிடிபிஏ என்ற, உலோகத்தைப் பிடித்து இழுக்கும் வேதிக் கரைசலில் கரைந்து வரும் அளவு. பயிருக்கு எட்டக்கூடிய பங்கை இது ஓரளவு காட்டும். இடம் ஆபத்தானதா என்பதை மொத்த அளவு சொல்லும். நீங்கள் செய்த வேலை பலித்ததா என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

குரோமியம் சந்தேகம் இருந்தால் 'ஆறு இணைதிறன் குரோமியம்' என்று தனியாக எழுதிக் கொடுங்கள். மூன்று இணைதிறன் குரோமியம் மண்ணில் அசையாமல் கிடக்கும். ஆறு இணைதிறன் கரைந்து ஓடும், நச்சும் அதிகம். மொத்தக் குரோமியம் என்ற ஒற்றை எண்ணால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

6. உலோகம் எந்தக் கட்சி என்று பாருங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம், செம்பு ஒரு கட்சி. அமிலத்தில் கரையும், பிஎச் ஏறினால் ஒட்டிக்கொள்ளும். ஆர்சனிக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் எதிர்க்கட்சி. அவை மண்ணில் எதிர் மின்னேற்றத்தோடு இருப்பதால் பிஎச் ஏற ஏற விடுபடுகின்றன. ஈயத்துக்காகப் போட்ட சுண்ணாம்பு பக்கத்தில் கிடக்கும் ஆர்சனிக்கை எழுப்பிவிடும்.

ஆகவே ரிப்போர்ட்டில் முதல் கட்சி மட்டும் இருந்தால் இலக்கு 6.5 முதல் 7.5 வரை. இரண்டு கட்சியும் இருந்தால் 6.5-ஐ ஒட்டி நிறுத்திவிட்டு, மிச்ச வேலையை மட்கிடம் விடுங்கள். எலும்புத் தூள் போன்ற பாஸ்பேட் உரம் ஈயத்தைக் கரையாத உப்பாக மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் அதே பாஸ்பேட் ஆர்சனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளும். ஆர்சனிக் இருக்கிற மண்ணில் எலும்புத் தூளைத் தவிர்த்துவிடுங்கள்.

7. பிஎச் திருத்தம், தேவைப்பட்டால் மட்டும்

சென்னையின் வீட்டு மண் பெரும்பாலும் ஏழுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோதான் இருக்கும். போர் தண்ணீரும் அதை மேலேயே பிடித்து வைக்கும். அதனால் இங்கே பலருக்கு இந்தப் படியில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருப்பதுதான் வேலை.

கஷ்டம் என்னவென்றால் சும்மா இருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கறிவேப்பிலை வெளுத்தால் புளித்த மோர், ரோஜாவுக்கு வினிகர், பிறகு கந்தகத் தூள், அம்மோனியம் சல்பேட் என்று அமிலத்தை மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். சுத்தமான மண்ணில் அது ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஈயமும் காட்மியமும் உள்ள மண்ணில் அது தூங்குகிற நாயை உதைப்பது. அம்மோனியம் சல்பேட், யூரியா, டிஏபி மூன்றும் நுண்ணுயிரிகளால் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை விட்டுச் செல்லும். மாடியில் சின்னப் பையில் இருக்கும் கோகோபீட் கலவையில் அந்த அமிலத்தைத் தாங்க ஆள் இல்லை. தரை மண்ணைவிடப் பையில்தான் பிஎச் சரசரவென்று இறங்கும்.

அளவு ஆறுக்குக் கீழே, வினிகரும் நுரைக்கவில்லை என்றால் சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோ (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்) போடுங்கள். மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம். களிமண்ணுக்குக் கூடுதலாக வேண்டும், ஆனாலும் இதிலேயே தொடங்குங்கள். மாடிப் பைக்கு லிட்டருக்கு 2 கிராம் போதும். 15 செ.மீ. ஆழத்துக்குக் கிளறித் தண்ணீர் விட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு வேண்டாம். அவை பிஎச் அளவை ஒரே நாளில் தூக்கியடிக்கும். அப்படித் தூக்கும்போது மட்கின் ஒரு பகுதி கரைந்து, தன்னோடு ஒட்டியிருந்த செம்பையும் ஈயத்தையும் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும். முட்டை ஓடு நேர்மாறு. இந்தப் பருவத்துக்குப் போட்டால் அடுத்த வருடம் வேலை செய்யும். ஜிப்சம் பிஎச் அளவை உயர்த்தவே உயர்த்தாது. 'கால்சியம்தானே சார், எல்லாம் ஒண்ணுதானே' என்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம்.

மொத்த ஈயம் கிலோவுக்கு 400 மில்லி கிராமைத் தாண்டினால் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். குழந்தைகள் புழங்கும் வீட்டு மண்ணுக்கு அமெரிக்காவில் நெடுநாள் வைத்திருந்த வரம்பு அது. 2024-இல் அதை 200 ஆக இறக்கினார்கள். 200-க்கு மேல் என்றாலே தரையில் கீரை போடாமல், அடியில் தடித்த ஷீட் விரித்து உயர்பாத்தி கட்டி வெளி மண்ணை நிரப்புங்கள். மீதித் தரையைப் புல்லாலோ ஜல்லியாலோ மூடிவிடுங்கள், தூசி கிளம்பக் கூடாது.

8. மக்கிய உரம், அதுவும் நன்றாக மக்கியது

சுண்ணாம்பு போட்டிருந்தால் அந்த ஒரு மாதம் முடிந்த பிறகுதான் எரு. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவின் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லும்.

மட்கிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் செம்பையும் ஈயத்தையும் இடுக்கி போல இறுக்கிப் பிடிக்கின்றன. காட்மியத்தையும் துத்தநாகத்தையும் அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. ஆகவே காட்மியத்துக்கு மட்கு மட்டும் போதாது, பிஎச் அளவும் சரியாக இருந்தாக வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்கு இன்னொரு உதவி செய்கிறது. எலக்ட்ரானைக் கொடுத்து அதை அசையாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும்.

மக்காத சாணமும் சமையலறைக் கழிவும் வேறு ரகம். மக்கும்போது சிறிய அமிலங்களையும் கரையும் கரிமப் பொருளையும் வெளியிடும்; அவை உலோகத்தைப் பிடித்து வைப்பதற்குப் பதில் தூக்கிக்கொண்டு அலையும். ஆக்சிஜனையும் தின்று தீர்க்கும். ஆக்சிஜன் போனால் இரும்பு ஆக்சைடு கரையும், அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் வெளியே வரும். கைப்பிடி எடுத்து முகர்ந்தால் மழை மண் வாசனை வர வேண்டும், நசுக்கினால் பொலபொலவென்று உதிர வேண்டும், உள்ளே சூடு இருக்கக் கூடாது. அது வரை காத்திருங்கள்.

அளவு: பாத்தி மேல் 2.5 செ.மீ. கனம், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். மேல் 15 செ.மீ. மண்ணோடு கலந்துவிடுங்கள். சென்னை வெயிலில் மட்கு வேகமாகக் கரைந்துபோகும் என்பதால் ஒவ்வொரு பருவத்துக்கும் மீண்டும் போட வேண்டும். இரண்டு வருடம் எரு போடாமல் விட்டால் மட்கு சிதைந்து, பிடித்து வைத்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எருவிலேயே உலோகம் வரலாம் என்பதையும் பாருங்கள். கழிவு மக்கும்போது எடை பாதியாகக் குறையும், உலோகம் குறையாது. அதனால் கிலோவுக்கான அளவு ஏறும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. விற்பவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற பழைய குப்பை மேடுகளைத் தோண்டிச் சலிக்கும்போது கிடைக்கும் கருமண் பார்க்க அருமையான எரு போலவே இருக்கும். அப்படி எது வந்தாலும் ரிப்போர்ட் இல்லாமல் கீரைப் பாத்திக்குள் விடாதீர்கள்.

9. தண்ணீரும் மழையும்

கடலோரத்தில் உப்பேறிய போர் தண்ணீர் இருந்தால் ஒரு எச்சரிக்கை. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரையும் கூட்டாக மாறும். பிஎச் அளவும் மட்கும் சரியாக இருந்தாலும் காட்மியம் கீரைக்குள் ஏறும். அங்கே கீரைக்கு மட்டுமாவது மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ விடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வைகாசியில் அளந்து சுண்ணாம்பு, ஆனியில் எரு, ஆடிப்பட்டத்தில் விதை என்று வைத்துக்கொண்டால் வடகிழக்கு மழைக்கு முன் மண் நிலைபெற்றுவிடும். ஐப்பசி மழையில் புதிதாகப் போட்ட எரு அப்படியே கரைந்து ஓடும்.

பாத்தியில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றால் அந்த ஈரத்திலேயே விதைக்க வேண்டாம். தண்ணீர் நிற்கும்போது காட்மியம் சல்பைடாக அடங்கியிருக்கும். வடிந்து காற்றுப் பட்டதும் சல்பைடு அமிலமாக மாறிக் காட்மியத்தை விடுவிக்கும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் வெள்ளத்தோடு வந்த கறுப்புச் சேற்றை 'வண்டல், நல்லது' என்று கலக்காமல் வழித்து அப்புறப்படுத்துங்கள். மண் காய்ந்ததும் முதல் வேலை பிஎச் அளப்பது.

10. எதை நடுவது, எப்போது மறுபடி பார்ப்பது

முதல் பருவத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை. காய்க்குள் உலோகம் ஏறுவது குறைவு. பாலக்கும் தண்டுக்கீரையும் காட்மியத்தை நன்றாக இழுக்கும். முள்ளங்கி, கேரட் ஈய மண்ணோடு நேராக ஒட்டி வளரும். இவையெல்லாம் டிடிபிஏ அளவு இறங்கியதைப் பார்த்த பிறகு. கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள், வேர்க்காய்களைத் தோல் சீவுங்கள்.

ஒரு பருவம் முடிந்ததும் அதே இடங்களில், அதே ஆழத்தில் சாம்பிள் எடுத்து அதே லேபில் டிடிபிஏ அளவை மட்டும் கேளுங்கள். மொத்த அளவை மறுபடி பார்த்துவிட்டு, "இவ்வளவு எரு போட்டும் ஈயம் அப்படியே இருக்கே சார்" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. அது அப்படியேதான் இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் கீரையையே கொடுத்துப் பாருங்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கீரை வகைகளுக்குக் கிலோவுக்கு ஈயம் 0.3, காட்மியம் 0.2 மில்லி கிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அது பச்சைக் கீரையின் எடைக்கான கணக்கு. லேப் உலர்த்திய எடைக்குக் கொடுத்தால் எண் பத்து மடங்குபோலப் பெரிதாகத் தெரியும். எந்த எடைக்கு என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். பிஎச் அளவைத் தரைப் பாத்தியில் வருடத்துக்கு இரண்டு முறை, மாடிப் பையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.